செப்புக் குடத்துத் தண்ணீர்

மீன் தொட்டி வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிவிடுவது. இறாலுக்கும் இதேதான். தண்ணீர் நிரப்பி, அடியில் மணல் பரப்பி, ஒரு கல்லில் பாசியைக் கட்டிப் போட்டு, காற்றுப் பம்பை ஓடவிட்ட பிறகு ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும். அந்த ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மணலிலும் பம்போடு சேர்ந்த பஞ்சிலும் குடியேறும். பின்னால் வரப்போகிற இறாலின் கழிவு தண்ணீரை விஷமாக்காமல் காப்பது அவைதான். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு வராது. எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறைக்கு இது இருபத்தைந்தாவது வருடம். வெள்ளிவிழா மலரின் தமிழ்ப் பகுதியைத் தொகுக்கிற வைஷ்ணவி என்னோடு படித்தவள். இப்போது அங்கேயே எம்.எஸ்சி. படிக்கிறாள். “அந்த எறால் தொட்டிய பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுடா. நீ எழுதினா சிரிப்பா இருக்கும்” என்று கேட்டாள். கேட்டதில் தவறில்லை. நான் படித்த மூன்று வருடமும் தமிழ் மன்றத்தின் சுவர்ப் பத்திரிகையை நான்தான் எழுதினேன். அதன் பெயர் ‘கொசு’. வெள்ளிக்கிழமைதோறும் நூலக வாசலில் ஒட்டப்படும். முதல்வரின் குடையில் ஆரம்பித்து கேன்டீன் சாம்பார் வரைக்கும் அது கடிக்காத இடம் கிடையாது. ஆகவே சிரிப்பாகவே எழுதப் பார்க்கிறேன்.

2006 ஜூனில் நாங்கள் இரண்டாம் வருடம். காக்ஸ் டவுனில் இருக்கிற எங்கள் ஆய்வகத்தில் அதுவரைக்கும் உயிருள்ள பிராணி என்று ஒன்றும் கிடையாது, மாணவர்களைச் சேர்க்காவிட்டால். மற்றதெல்லாம் ஃபார்மலின் பாட்டிலுக்குள் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் வைஷ்ணவியின் மாமா, அங்கே வீடுகளில் வளர்க்கிற சிவப்பு இறால்களைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். நல்ல தண்ணீரில் வாழ்பவை. முழுதாக வளர்ந்தாலும் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாது. துறைத் தலைவர் கோவிந்தராஜன் சார் அனுமதி கொடுத்தார். சிவாஜிநகரில் இரண்டு கண்ணாடித் தொட்டி வாங்கி, ஸ்கூட்டரில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒன்றை ஆய்வகத்திலும் ஒன்றை எங்கள் வீட்டிலும் வைத்தேன். வீடு கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி.

ஆய்வகத்தில் எல்லம்மாக்கா இருந்தார். ஜீவனஹள்ளிக்காரர். பாட்டில், பீக்கர் கழுவுவது, தரை துடைப்பது, தவளைகளைத் தட்டில் ஊசி குத்தி வைப்பது எல்லாம் அவர் வேலை. ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவருடைய வேலை முடிந்து, ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி தொடங்கும். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். அதனால் கன்னடச் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் என்னைப் பிடித்து நிறுத்தி ‘கொசு’வைப் படித்துக் காட்டச் சொல்வார். அவரைப் போல ஒரு வாசகர் எனக்குக் கிடைத்ததில்லை. சிரிக்கவேண்டிய இடத்துக்கு அரை வரி முன்னாலேயே சிரித்துவிடுவார்.

தொட்டி வைத்த மறுநாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

“இன்னாபா நோயலு, வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு வெச்சிகினு கீறே?”

“உள்ள கிருமி வளருதுக்கா. ஒரு மாசம் வளரணும்.”

“கிருமியா? எங்க வீட்டாண்ட லைட்டு இல்லாமயே வளருதே.”

ஆனால் அந்த மாதம் முழுவதும் தொட்டியை அவர்தான் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஆவியாகிக் குறைகிற தண்ணீரை ஒரு டம்ளரால் ஈடுகட்டுவார். அவ்வளவுதான். நான் என் வீட்டுத் தொட்டியை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றி அமைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் மாமா பன்னிரண்டு இறாலைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார். ஆறு ஆய்வகத்துக்கு, ஆறு எனக்கு. அவை வருகிற அன்று தொட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று முந்தின நாள் மணலையும் பஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். என் ஆறும் நான்கு நாள் இருந்தன.

ஆய்வகத்து ஆறும் செப்டம்பரில் பன்னிரண்டு ஆகத் தயாராயின. முதலில் கவனித்தது எல்லம்மாக்காதான். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“வயித்துக்கடியில பாரு. பச்சைக் கடுகாட்டம் கீது.”

முட்டைகள். பெண் இறால் அவற்றை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு, குட்டிக் கால்களால் ஓயாமல் தண்ணீரை வீசிக்கொண்டிருக்கும். காற்றுப் பட்டால்தான் முட்டை கெடாமல் இருக்கும்.

“விசிறிக்கினே கீது பாருபா. எங்க ஷோபா பொறந்தப்ப கோஷா ஆஸ்பத்திரில கரண்டு இல்ல. எங்கம்மா இப்பிடித்தான் விடியவிடிய விசிறிச்சு.”

ஷோபா அவர் மகள். அந்த வருடம் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரிக்குள் தொட்டியில் இருநூறுக்கு மேல் இருந்தன. எப்படி என்று கேட்டால் எல்லம்மாக்காவுக்குச் சொல்லத் தெரியாது. பெயிண்ட் டப்பாவில் வளர்த்த கீரையை வேகவைத்து ஒரு இலை போடுவார். கல்லூரி வாசலில் இருக்கும் நாட்டு பாதாம் மரத்திலிருந்து தானாக உதிர்ந்த இலையாகப் பார்த்து, கழுவி, ஒன்று போடுவார். அது தண்ணீருக்கு நல்லது என்று நான்தான் இன்டர்நெட்டில் படித்துச் சொன்னேன். சொன்னது நான், செய்தது அவர். அவரிடமிருந்து இரண்டு முறை குஞ்சுகள் வாங்கிப் போனேன். முதல் முறை, தொட்டிக்கு மேலே கொசு மருந்து மெஷினை மாட்டியிருந்தேன். இரண்டாம் முறை, வெள்ளரிக்காயைத் தோல் சீவாமல் போட்டேன். அந்தத் தோலில் என்ன அடித்திருந்தார்களோ. பூச்சியைக் கொல்கிற எதுவும் இறாலைக் கொன்றுவிடும். இரண்டும் உறவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த மார்ச்சில் நிர்வாகம் எங்கள் துறைக்கு ஒரு நிரந்தர ஆய்வக உதவியாளர் பணியிடம் தர யோசித்தது. அதற்காக ஒரு குழு வந்து ஆய்வகத்தைப் பார்க்கப்போகிறது. தேதி, மார்ச் இருபது, செவ்வாய்க்கிழமை. கோவிந்தராஜன் சார் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: தொட்டியைக் காட்டித்தான் கேட்கப்போகிறேன், இந்தத் தடவை எல்லம்மாவுக்கு வாங்காமல் விடமாட்டேன். நிரந்தர ஊழியர் என்றால் பிள்ளைக்குக் கல்லூரியில் ஒரு இடமும் உண்டு. ஷோபா எங்கள் துறையிலேயே சேரவேண்டும் என்பது எல்லம்மாக்காவின் ஆசை. பீக்கர் கழுவும்போது, “அடுத்த வருசம் இதுல எம்பொண்ணு கை வெக்கும், உடைச்சிறாதீங்கபா” என்று எங்களைத் திட்டுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

மார்ச் முதல் வாரம், செய்முறை வகுப்பில் நாற்பது பேரையும் தொட்டிமுன் நிறுத்தி சார் பேசினார். “இத வளர்த்தது எல்லம்மா. நோயல் தொட்டி வாங்கிட்டு வந்தான்” என்றார். நான் குனிந்து வணங்கினேன். லேசாகச் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கும். பின்னால் துடைப்பத்தோடு நின்றிருந்த எல்லம்மாக்கா சொன்னார்:

“நோயலுக்கு கொசு மட்டும்தான் சார் வளக்க வரும்.”

வகுப்பே இடிந்துவிழுந்த மாதிரி சிரித்தது. சார் மேசையைத் தட்டினார். வைஷ்ணவி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை இரண்டு வருடமாக நான் எழுதிய எதற்கும் அவள் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்ததில்லை. அந்த மாதம் கல்லூரியில் சொல்லப்பட்ட நல்ல நகைச்சுவை அதுதான். அது நான் எழுதியதல்ல.

அவர் என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் என் தோளில் தட்டி, தன் பங்குத் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். “கோச்சிகினியா? தமாசுபா” என்றார். கோபமில்லை என்றேன். காரணம் எவ்வளவு சிறியது என்று தெரியட்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நானும் இரண்டு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

செம்பு பற்றி ஏற்கெனவே படித்திருந்தேன். இறால் வளர்ப்பவர்களின் இணையதளங்களில் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு, தண்ணீரில் கரைந்திருந்தால் இறாலுக்கு முடிந்தது. எல்லம்மாக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சார் படித்தது பூச்சிகளைப் பற்றி, இறால் தொட்டி விஷயத்தில் என்னையே நம்பியிருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

எல்லம்மாக்கா வீட்டில் ஒரு செப்புக் குடம் உண்டு. கல்யாணச் சீராக வந்தது. காலையில் எழுந்ததும் அதிலிருந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். எங்களிடமும் சொல்வார். ஜலதோஷம் என்று யார் தும்மினாலும் அவர் மருந்து அந்தக் குடம்தான்.

குழு வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

“செவ்வாய்க்கிழமை அவங்க வரும்போது தண்ணி பளிச்சுன்னு இருக்கணும்க்கா. திங்கட்கிழமை ஒரு குடம் மாத்திடலாம்.”

“ஒரு குடமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்னு நீதானே சொன்னே?”

“கொழாத்தண்ணின்னா அப்படி. உங்க வீட்டு செப்புக் குடத்துல வெச்ச தண்ணின்னா?”

அவர் ஒரு நிமிடம் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

“அய்யோ, எனக்கு தோணவேயில்ல பாரேன். மனுசனுக்கு நல்லதுன்னா அதுங்களுக்கு மட்டும் நல்லதில்லாம பூடுமா?”

“அதேதான்க்கா.”

இதுதான் நடந்தது. கவனித்தால், அது நல்லது என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அவர் சொன்னதை ஆமோதித்தேன். இந்த வேறுபாட்டை நெடுநாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

மற்ற இரண்டு யோசனைகளும் என்னுடையவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடச் சொன்னேன். பழைய குடத்தின் உள்பக்கம் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு உலோகத்தைக் கொஞ்சம் மூடிவைக்கும். புளி அதை எடுத்துவிடும். பிறகு, குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆய்வகத்தில் காய்ச்சி வடித்து வைத்திருக்கும் தண்ணீரை ஊற்றி வையுங்கள் என்றேன். உப்பே இல்லாத தண்ணீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். வேதியியல், முதல் வருடப் பாடம். நான் நன்றாக மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை எல்லம்மாக்கா அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வந்தார். கேட்டருகே வாட்ச்மேன், “இன்னா எல்லம்மா, அம்மனுக்கு கூழா?” என்று கேட்டதற்கு, “எங்க குயந்திங்களுக்குபா” என்றார். குடம் புதுசு மாதிரி இருந்தது. தேய்த்துத் தேய்த்து அவர் விரல்நுனி சிவந்திருந்தது. வடித்த தண்ணீரை ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி, தொட்டிக்கு அடியிலேயே வைத்தார். ஞாயிறு முழுக்க அது அங்கே இருந்தது. நான் ஞாயிறு பூசைக்குப் போனேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். அவருக்கு முன்னால் நான் கல்லூரிக்கு வந்தது அன்று மட்டும்தான். எல்லம்மாக்கா வந்து பழைய தண்ணீரில் ஒரு குடம் அளவை வாளியில் எடுத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றினார். கொட்டினால் குஞ்சுகள் பயந்துவிடும் என்று, ஒவ்வொரு டம்ளரையும் கண்ணாடியோரமாக வழியவிட்டார். எழுபத்துமூன்று டம்ளர். நின்று எண்ணினேன். நிறுத்துங்கள் என்று சொல்ல எழுபத்துமூன்று வாய்ப்பு இருந்தது.

ஒன்பதரைக்கு அவை மேய்வதை நிறுத்தின. இறால் எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும், அது நின்றால் ஏதோ சரியில்லை என்று பொருள். பத்து மணிக்கு எல்லாம் ஒன்றாக மேலே நீந்த ஆரம்பித்தன. ஏறுவதும் விழுவதுமாக. சில தண்ணீருக்கு வெளியே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன.

“இன்னாபா பண்ணுதுங்க? தோலு உரிக்கப்போவுதுங்களா?”

இறால் வளரும்போது மேல்தோடு உரிக்கும். அதற்கு முன் கொஞ்சம் துள்ளும். உண்மைதான்.

“ஆமாக்கா” என்றேன். “தண்ணி மாத்தினா உரிக்கும். தொந்தரவு பண்ணாதீங்க, சரியாப் போயிடும்.”

அப்போதும் பழைய தண்ணீர் பக்கத்து வாளியில் இருந்தது. இறால்களை எடுத்து அதில் விட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். அவர் என் பேச்சைக் கேட்டு இரண்டு மணிநேரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தொட்டிமுன் உட்கார்ந்திருந்தார், தொந்தரவு பண்ணாமல். முட்டை சுமந்த பெண் இறால்கள்தான் கடைசிவரைக்கும் தாக்குப்பிடித்தன. பக்கவாட்டில் சாய்ந்த பிறகும் குட்டிக் கால்கள் முட்டைகளை வீசிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் எல்லாம் வெந்த நிறத்துக்கு வந்துவிட்டன. அந்த நிறம் எல்லாருக்கும் தெரியும்.

சார் வந்தார். தொட்டியைப் பார்த்தார், கீழே இருந்த குடத்தைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

“செப்புக் குடத்துத் தண்ணியா ஊத்தினே? செம்பு பூச்சி மருந்தும்மா! அது இறாலுக்கு ஆகுமா? யாரு சொன்னா உனக்கு?”

நான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லம்மாக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

“யாரும் சொல்லல சார். நல்லதுன்னு நானாத்தான் கொண்டாந்தேன்.”

சாயங்காலம் அவர் மணலைக் கையால் அளைந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“நீ நல்லதுக்குத்தானே சொன்னே. உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. உம்பேர சொன்னா போனது திரும்பி வருமா? பரிட்சை வருது, போயி படி.”

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. காலித் தொட்டியையும் ஃபார்மலின் பாட்டில்களையும் பார்த்துவிட்டுப் போனது. பணியிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. ஏப்ரலில் எல்லம்மாக்காவின் வேலை வழக்கம்போல முடிந்தது. ஜூனில் தொடங்கவில்லை. ஷோபா இப்போது ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். எல்லம்மாக்கா ஒரு அபார்ட்மென்டில் மாடிப்படி துடைக்கிறார்.

குழு வந்துபோன அந்த வாரம் வெள்ளிக்கிழமை ‘கொசு’ வழக்கம்போல வந்தது. தலைப்பு, ‘கண்ணீர் அஞ்சலி’. இருநூறு சிவப்பு உடன்பிறப்புகள் ஜீவனஹள்ளிப் புண்ணிய தீர்த்தம் அருந்தி ஒரே நேரத்தில் மோட்சம் அடைந்ததையும், கேன்டீனில் இன்று இறால் வறுவல் கிடையாது என்று முதல்வர் சத்தியம் செய்திருப்பதையும் எழுதியிருந்தேன். நூலக வாசலில் நிற்க இடமில்லை. அதுவரை எழுதியதில் அதிகம் பேர் படித்தது அதுதான். வைஷ்ணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு எல்லம்மாக்கா வந்தார்.

“எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சிகினே போறாங்களேபா. இன்னா எழுதிகிறே? படி.”

படித்துக் காட்டினேன். படிக்கிற வேகத்திலேயே மாற்றிப் படித்தேன். முதல்வரின் குடை, புதிய பேருந்து நிழற்குடை இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி அங்கேயே பிறந்தது. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எப்போதும் போல அரை வரி முன்னாலேயே சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். இதை என் பக்கத்து நியாயமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் அப்படித்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

ஈஸ்டருக்கு முன்னால் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு அக்காவிடம் பொய் சொன்னேன் என்றேன். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டார். யோசித்துப் பார்த்து, ஒரு தடவை என்றேன். மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். வாசலில் செருப்பு போடுவதற்குள் முடித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடமும்.

அந்த வெள்ளிக்கிழமை, குடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எல்லம்மாக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவருடைய தொட்டியிலிருந்து நல்ல நிறமாகப் பார்த்து முப்பது இறால்களை ஒரு பாட்டிலில் எடுத்துவைத்தேன். முட்டை சுமந்தவை எட்டு. பிறகுதான் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். பாட்டில் அப்போது என் பைக்குள் இருந்தது. கோபத்தில் செய்கிறவன் பாட்டில் கொண்டுவரமாட்டான். நகரத்தில் அந்த இறால் என்னிடம் மட்டும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூடவே அவரிடம் இருக்கக்கூடாது என்றும்.

அந்த முப்பதும் என் வீட்டில் சாகவில்லை. என் தொட்டிக்கு வேண்டிய ஒரு மாதம் எப்போதோ ஆகியிருந்தது. அவர் செய்தது போலவே செய்தேன், அதாவது ஒன்றும் செய்யவில்லை. இப்போது மூன்று தொட்டி. மல்லேஸ்வரம், ஜெயநகரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு ஆலோசனை கேட்கிறார்கள். முதலில் ஒரு மாதம் சும்மா இருங்கள் என்று சொல்கிறேன். அடுத்து, செம்பு ஆகவே ஆகாது என்று சொல்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லம்மாக்கா ஷோபாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேக் கொடுத்து அம்மாவோடு உட்காரவைக்கப் பார்த்தேன். அதற்குள் கூடத்திலிருந்த தொட்டி கண்ணில் பட்டுவிட்டது. அதன்முன் போய் நின்றார்.

“இதுங்க நம்ம தொட்டிதுங்கதானே?”

“ஆமாக்கா. முன்னாடி நீங்க குடுத்தீங்களே, அதுல கொஞ்சம்.”

அவர் கொடுத்தவை எல்லாம் செத்துப்போனது அவருக்குத் தெரியும். நானே ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். அதை அவர் நினைவில் தேடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் தேடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீயாவது காப்பாத்தி வெச்சிகிறியேபா. நல்லாருப்பே.”

ஷோபா குனிந்து பார்த்து, “அம்மா, வயித்துல முட்டை” என்றாள். எல்லம்மாக்காவின் கை தானாகத் தண்ணீரை நோக்கிப் போனது. முன்பெல்லாம் விரலை நனைப்பார், அவை வந்து விரலைக் கொறிக்கும். தண்ணீரைத் தொடுமுன் கையை இழுத்துக்கொண்டார். இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பத்து எடுத்துட்டு போறீங்களாக்கா?” என்றேன்.

“வேணாம்பா. என் கை ஆவாது. ஷோபா, நீயும் தொடாதே.”

கேக்கை இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

சிரிப்பாக எழுத முடியவில்லை. வைஷ்ணவி மன்னிக்கவேண்டும், இரண்டு பக்கத்தையும் தாண்டிவிட்டது. ஆனால் நடந்ததை ஒன்றுவிடாமல் என் கையால் எழுதி, என் பெயரைக் கீழே போட்டுக் கொடுத்திருக்கிறேன். மனது கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது. இனி யாரிடமும் எதையும் மறைப்பதாக இல்லை. மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை ஜீவனஹள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லம்மாக்காவின் கையிலேயே கொடுப்பேன். கொடுப்பதுதான் முறை. தன் பேர் எங்கே வருகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வார். காட்டுவேன். இன்னா எழுதிகிறே, படி என்பார்.

படித்துக் காட்டுவேன்.